கிளாவர் மூணு கேட்டு வந்தவர்

அந்தக் கடைக்குள் ஐம்பத்திரண்டு புதுச் சீட்டுக்கட்டுகள் போகும். ஐம்பத்திரண்டு கட்டுகளே வெளியே வரும். நடுவில் நடப்பதுதான் வேலை.

உள்ளே போகும்போது ஒவ்வொரு கட்டிலும் ராஜா, ராணி, ஏழு, எட்டு என்று எல்லாரும் ஒன்றாய்க் குடித்தனம் நடத்துவார்கள். வெளியே வரும்போது ஒரு கட்டு முழுக்க ஆடுதன் ராணி மட்டும் இருக்கும். இன்னொரு கட்டு முழுக்க இஸ்பேட் ஆஸ். எங்கே கைவைத்து உருவினாலும் அதே சீட்டு. "உங்க இஷ்டம்போல ஒண்ணு எடுங்க சார்" என்று மேடையில் மேஜிக்காரர் பெரிய மனது பண்ணிச் சொல்வாரே, அந்தப் பெரிய மனது இங்கேதான் தயாரானது. தொழிலில் அதற்குத் தள்ளுகட்டு என்று பெயர். எடுக்கிறவர் தானாகவே எடுத்ததாக நினைத்துக்கொள்வார். எடுத்தது என்னவோ மேஜிக்காரர் தள்ளிவிட்ட சீட்டைத்தான்.

கட்டுகளைப் பிரிப்பது பாப்பாவின் வேலை.

பாப்பா என்றதும் சடை போட்ட குழந்தையை நினைத்துவிட வேண்டாம். நாற்பது வயது வாசற்படியில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு ஒரே தங்கை. அப்பா வைத்த செல்லப் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைக்க வேண்டும் என்று தோன்றாமல் போனதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு காலத்தில் அண்ணன் மூன்று மாப்பிள்ளைகளைக் கொண்டுவந்தார். "மூணுல யாரை வேணாலும் சொல்லு பாப்பா, உன் இஷ்டம்தான்" என்றார். மூன்று பேரும் அண்ணனின் சீட்டாட்டக் கூட்டாளிகள். மூன்று பேருக்கும் ஒரே மீசை, ஒரே சிரிப்பு. அவள் தலையாட்டவில்லை. பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், அப்புறம் அம்மா. இருவரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதெல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது, வீட்டில் எல்லாரும் அவளைச் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிரந்தரமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கவுன்ட்டருக்குப் பின்னால் அவளுடைய மேஜை. மேஜை மேல் ஒரு குழிப்பலகை. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு குழி. கட்டைக் கையில் எடுத்தால் சீட்டுகள் அவள் விரலை விட்டுப் பறந்து அதனதன் குழியில் போய் உட்காரும். பலகையைப் பார்க்கவே மாட்டாள். ஜோக்கர்களுக்குக் குழி கிடையாது. கீழ்வரிசையில் கிளாவர் மூணுக் குழிக்கு நேர் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. ஜோக்கர்களுக்கு அதுதான் வீடு.

ராணியும் ஆஸும் விற்றுத் தீரும். அவற்றை முன்கூட்டியே உறைபோட்டு வைப்பார் அண்ணன், முன் அலமாரியில் அடுக்குவது அண்ணி. கிளாவர் மூணு, டைமன் நாலு போன்ற ஏழைபாழைகளை யாரும் சீண்ட மாட்டார்கள். அவை உறையில்லாமல் குழியிலேயே தூங்கும்.

கிளாவர் மூணைக் கேட்டு வருகிறவர் ஒரே ஒருவர்தான். கோட்டு.

எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். பள்ளிக்கூட விழா, பிறந்தநாள், கல்யாண வரவேற்பு என்று ஊரெல்லாம் மேஜிக் காட்டுகிறவர். மேடையில் வாய் ஓயாது என்பார்கள். கவுன்ட்டருக்கு முன்னால் நின்றால் மட்டும் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுப்பார்.

"கிளாவர் மூணு... ஒண்ணு கிடைக்குமா?"

"மாசம் பொறந்தா வந்துடுறார்யா" என்று அண்ணன் உள்ளே திரும்பிச் சொல்வார். "பாப்பா, அந்த மூணை எண்ணிப் பார்த்து உறைபோட்டுக் குடு. அந்தச் சீட்டுக்கு விமோசனம் குடுக்கவே பொறந்தவர் நீங்க சார்!"

பாப்பா எண்ணுவாள். விசிறிபோல் விரித்து ஓரத்தைச் சரிபார்ப்பாள். பெட்டியில் போட்டு, கண்ணாடித்தாள் சுற்றி, வாயில் ஒரு சின்ன வட்டச் சீல் ஒட்டுவாள். அந்தச் சீலை மட்டும் அவளால் நேராக ஒட்டவே முடிந்ததில்லை. கொஞ்சம் இடப்பக்கம் சாயும். அதற்குள் கோட்டு ஏதாவது ஒன்று சொல்வார். அவள் சிரிப்பாள். அவர் போய்விடுவார். அடுத்த மாதம்வரை அவளுக்கு அது போதும். போதுமா என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

*

குண்டைத் தூக்கிப் போட்டவர் தாடி. அவரும் மேஜிக்காரர்தான். ஆனால் மேஜிக்கைவிட ஊர்வம்பு அவருக்கு நன்றாக வரும்.

"என்ன ஓனரே, உங்க கடைக் கட்டுல ஜோக்கர் வருதாமே?"

அண்ணன் இன்னொரு மேஜிக் கட்டுக்காக ஓரம் வெட்டிக்கொண்டிருந்த சீட்டைக் கீழே வைத்தார். "எந்த நாக்கு அப்படிச் சொல்லுது?"

"ஊரே சொல்லுது. தொழிற்சாலைக் குடும்ப விழாவுல கோட்டு ஷோ. மேனேஜரையே மேடைக்குக் கூப்பிட்டு, இஷ்டம்போல ஒண்ணு எடுங்கன்னு கட்டை நீட்டியிருக்கார். பெரிய அட்டையில கிளாவர் மூணுன்னு முன்னாடியே எழுதி வெச்சாச்சு. மேனேஜர் எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டுறார்... ஜோக்கர்!" தாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மேனேஜர் கையில ஜோக்கர்! தொழிலாளிங்க சும்மா விடுவாங்களா? விசிலாம், கைதட்டாம், நாற்காலி மேல ஏறி நின்னு ஆட்டமாம். மேனேஜர் மூஞ்சி போன போக்கைப் பார்த்து ஷோவைப் பாதியில நிறுத்திட்டாங்க. இனிமே அந்தக் கேட்டுக்குள்ள கோட்டு காலெடுத்து வைக்க முடியாது."

பாப்பாவின் கையில் சீட்டுகள் நின்றுவிட்டன.

தாடி போனதும் அண்ணன் திரும்பினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"இத்தனை வருஷத்துல ஒரு சீட்டு மாறினதில்லையே பாப்பா. எப்படி?"

"தெரியலண்ணே."

தெரியும். அண்ணன் சாப்பிட உள்ளே போனதும் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். ஜோக்கர்களுக்கு நடுவே, கல்யாண வீட்டில் வழிதவறி நுழைந்தவன் மாதிரி ஒரு கிளாவர் மூணு கிடந்தது. இது டப்பாவில் விழுந்தபோது ஜோக்கர் ஒன்று குழியில் ஏறியிருக்கிறது. அதனால்தான் எண்ணிக்கை சரியாக வந்திருக்கிறது.

எந்த நாள் என்பதும் தெரியும். அவள் பிரித்துக்கொண்டிருக்கும்போதே கோட்டு வந்து நின்ற நாள். அன்று அவர் புறாக் கதை சொன்னார். "மேடையில புறாவை வரவழைக்கக் கோட்டுப் பைக்குள்ள கைவிட்டேன். வெளியில வரமாட்டேங்குது. பார்த்தா, முட்டை போட்டுட்டு உட்கார்ந்திருக்கு. என்ன பண்றது? கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டேன். குஞ்சு பொரிக்கிறவரைக்கும் வெறும் சட்டையோட போய்த்தான் ஷோ காட்டினேன்." ஒரு புறாவுக்காகத் தன் பெயரையே கழற்றி மாட்டிவைத்த மனிதரை அவள் நிமிர்ந்து பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். பலகையைப் பார்க்காமல் பிரிக்கும் கைதான். மனசும் கூடவே வேறு பக்கம் போனால் கை என்ன செய்யும்? விரித்துச் சரிபார்க்கும்போதும் கண் சீட்டில் இல்லை.

இனி வரமாட்டார். அந்த நினைப்புதான் அவளைக் குத்தியது. பெயர் கெட்டதற்கு அண்ணன் வருத்தப்படட்டும். அவளுக்கு மாதத்தில் கிடைத்துவந்தது ஒரே ஒரு சிரிப்பு. அதையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாளே!

மாதம் பிறந்தது. கோட்டு வரவில்லை.

"முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்ப?" என்றாள் அண்ணி, பார்சல் கட்டியபடியே. அண்ணியின் நாக்கு கடையின் வெட்டுக்கத்தியைவிடக் கூர்மை. ஆனால் வெட்டுகிற இடம் பார்த்துத்தான் வெட்டும்.

"நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும் அண்ணி."

"உங்க அண்ணன் போறேன்னாரே."

"தப்பு பண்ண கை என்னுதுதானே?"

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கை மட்டும்தான் தப்பு பண்ணுச்சா?"

அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தையற்கடை மாடியில இருக்கார். போய்ட்டு வா. கேட்டா நான் சொல்லிக்கிறேன். அப்புறம், தலையை வாரிட்டுப் போ. மன்னிப்புக் கேக்கிறவங்க பரட்டைத்தலையோட போகணும்னு சட்டமில்ல."

*

"மூணாவது படி ஆடும், பார்த்து ஏறுங்கம்மா" என்று தையற்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

கதவைத் திறந்த மனிதரைப் பார்த்ததும் பாப்பாவுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. உடம்பில் கோட்டு இல்லை. வலது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு.

"நீங்களா! வாங்க, வாங்க... உட்காருங்க. அது மேல இல்ல, அதுல புறாத் தீனி... இதுல உட்காருங்க." இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்தார். துடைத்த துணி அவருடைய சட்டை என்பதை அப்புறம்தான் கவனித்தார்.

ஒரு கட்டில், ஒரு சின்ன மேஜை, பயிற்சி பண்ண ஓர் ஆளுயரக் கண்ணாடி, ஜன்னலோரம் புறாக் கூண்டு. அவ்வளவுதான் அறை. பாப்பா வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அப்போது கட்டிலுக்கு மேலிருந்த பலகை கண்ணில் பட்டது.

அவளுடைய கட்டுகள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, புத்தகம் அடுக்கினமாதிரி, பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாம் கிளாவர் மூணு. கண்ணாடித்தாள் மின்னியது. ஒவ்வொன்றின் வாயிலும் இடப்பக்கம் சாய்ந்த வட்டச் சீல். ஒரு சீல்கூட உடையவில்லை.

"இதெல்லாம்... பிரிக்கவே இல்லையா?"

"இல்ல."

"பின்ன ஷோவுக்கு?"

"சாதாரணக் கட்டுதாங்க. தள்ளுகட்டு எனக்கு எதுக்கு? விரல் வேலை தெரியும். அன்னிக்குத்தான் ஷோவுக்கு முந்தி கூண்டுத் தகரம் விரலைக் கிழிச்சிடுச்சு. வேற வழியில்லாம உங்க கட்டுல ஒண்ணைப் பிரிச்சேன். கடைசியா வாங்கினதை."

"அப்போ மாசாமாசம் எதுக்கு இதை வாங்கினீங்க?"

கூண்டுக்குள் புறா தொண்டையைச் செருமியது. அவர் செருமுவதற்குப் பதிலாக அது செருமியதுபோல் இருந்தது.

"ஆடுதன் ராணி கேட்டா, உங்க அண்ணன் அலமாரியிலேருந்து எடுத்து உடனே கையில குடுத்துடுவார்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கிளாவர் மூணுன்னா உறைபோட்டு வெச்சிருக்க மாட்டீங்க. நீங்க எண்ணணும், விரிச்சுப் பார்க்கணும், தாள் சுத்தணும், சீல் ஒட்டணும். அதுவரைக்கும் நான் நிக்கலாம்."

பாப்பாவுக்குக் கண் கரித்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றாள். "உங்க பொழைப்பைக் கெடுத்துட்டேன்."

"யார் சொன்னா? மேடையேறின நாள்லேருந்து எனக்கு அப்படி ஒரு கைதட்டு விழுந்ததில்ல. மேனேஜருக்குத்தான் ரசிக்கத் தெரியல." சிரித்தவர், கண்ணாடியின் சட்டத்தில் செருகியிருந்த ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். ஜோக்கர். "முதல்ல எனக்கும் கோபம்தான். வீட்டுக்கு வந்து யோசிச்சேன். தப்பே பண்ணாத கையாச்சே, எப்படி மாறுச்சுன்னு. அப்புறம் ஞாபகம் வந்தது. இதை நீங்க பிரிச்சப்போ நான் எதிர்ல நின்னு புறாக் கதை சொல்லிக்கிட்டிருந்தேன். நான் நின்னதால கை மாறியிருக்கு. சந்தோஷத்துல அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கல."

"சந்தோஷத்துல யாராவது பட்டினி கிடப்பாங்களா?" என்றாள்.

"அந்தச் சந்தோஷத்தோட கடைக்கு வரத்தான் பயமா இருந்தது. வந்தா என் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்தார். ஓரமெல்லாம் அழுக்கேறிய பழைய கட்டு. அதை அவள் முன்னால் நீட்டினார்.

"எனக்குப் பேசிக் கேக்க வராது. என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதம்னா, ஒரு சீட்டு எடுங்க. எது வேணாலும். இல்லைன்னா கட்டை மேஜை மேல வெச்சிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். அடுத்த மாசமும் கிளாவர் மூணு வாங்க வருவேன்."

தொழில்காரி இல்லையா? பாப்பா முதலில் கட்டை வாங்கி விரித்துப் பார்த்தாள். ஓரம் தடவினாள். வெட்டு இல்லை, சரிவு இல்லை, முதுகில் குறி இல்லை. முகத்தைத் திருப்பினாள். ராஜா, ஏழு, ராணி, மூணு, ஒன்பது... எல்லாரும் கலந்துகட்டி இருந்தார்கள். ஐம்பத்திரண்டும் வேறு வேறு. நாள் முழுக்கச் சீட்டோடு வாழ்கிறவள்தான். ஆனால் பிரிக்காத ஒரு கட்டை நீட்டி, எடு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

"இதுல எதை எடுத்தா சரி?"

"எதை எடுத்தாலும் சரி. எடுக்காம விட்டாலும் சரி."

கட்டைக் குப்புறப் பிடித்தாள். இரண்டு முறை கலைத்தாள். கண்ணை மூடவில்லை. நடுவிலிருந்து ஒன்றை உருவினாள்.

இஸ்பேட் ஆறு.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"ஒரு அர்த்தமும் இல்லீங்க. இஸ்பேட் ஆறு, அவ்வளவுதான்."

பாப்பா சிரித்தாள். மாதாமாதம் சிரிக்கும் அளவான சிரிப்பு இல்லை இது. கீழே தையல் மிஷின் நின்றது. தையற்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவள் சீட்டைத் தன் பைக்குள் வைத்து மூடினாள்.

"நாளைக்குக் கடைக்கு வாங்க. கிளாவர் மூணு மட்டும் கேக்காதீங்க."

*

மறுநாள் கோட்டு வந்தார். கோட்டுக்கு இஸ்திரி போட்டிருந்தது.

"வாங்க சார்" என்று அண்ணன் சங்கடத்தோடு எழுந்தார். "நடந்தது நடந்துபோச்சு, மனசுல வெச்சுக்காதீங்க. பாப்பா, சாருக்கு ஒரு கிளாவர் மூணு. நல்லாப் பார்த்து எண்ணிக் குடு."

"இன்னிக்குச் சீட்டு வாங்க வரலைங்க."

"பின்ன?"

கூட்டத்தைக் கட்டிப்போடுகிற அந்த வாய் ஒட்டிக்கொண்டது. அவர் கோட்டின் பொத்தானைத் திருகினார். இன்னொரு திருகலில் அது கையோடு வந்துவிடும் என்று பட்டது பாப்பாவுக்கு. அவள் எழுந்து வந்து கவுன்ட்டர்மேல் ஒரு சீட்டை வைத்தாள்.

"என்ன இது? இஸ்பேட் ஆறு. நம்ம சரக்கு இல்லையே. ஓரம் அழுக்கா இருக்கு."

"அவரு கட்டுண்ணே. என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டார். சம்மதம்னா ஒண்ணு எடுக்கச் சொன்னார். எடுத்தேன்."

அண்ணன் சீட்டைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு தொழில் புத்தி முந்திக்கொண்டது. "கட்டைச் சோதிச்சியா?"

"சோதிச்சேன். சாதாரணக் கட்டு. யாரும் தள்ளல. நானாத்தான் எடுத்தேன்."

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் வேணாம்னு சொல்லியிருப்பேனா பாப்பா? என்கிட்ட ஒரு வார்த்தை..."

"எனக்கு என்ன வேணும்னு நீ கேக்கவே இல்லையேண்ணே." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவருக்கு நேராக உள்ளே இறங்கியது.

கடைசியில் அண்ணன், தோற்ற ஆட்டக்காரர்போல் குழிப்பலகையைக் கைகாட்டினார். "இதை யார் பிரிப்பா?"

"நல்ல கேள்வி!" அண்ணி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "ஒருத்தி கல்யாணம்னு நிக்கிறா, இவருக்குக் குழியைப் பத்திக் கவலை! இந்த மனுஷன் மாசாமாசம் யாருக்காக வந்து நின்னார்னு தெருவுல போற நாய்க்குக்கூடத் தெரியும். உங்களுக்குத்தான், விமோசனம் குடுக்க வந்தாராம்!"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முன் அலமாரியில ஒரு கிளாவர் மூணுகூட உறைபோட்டு வைக்க விடாம, அந்த இடத்துல ராணியா அடுக்கினது யாருன்னு நினைச்சீங்க?"

கோட்டு அண்ணியைக் கும்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதிக் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"நான் வந்து பிரிக்கிறேண்ணே" என்றாள் பாப்பா. "தையற்கடை மாடி என்ன, கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கு? ஆனா சாயங்காலமானா போயிடுவேன்."

அண்ணன் எழுந்தார். இஸ்பேட் ஆறைச் சட்டையில் துடைத்து, கோட்டின் கையில் கொடுத்தார். "கட்டுல ஒரு சீட்டுக் குறைஞ்சா பாழ். சேர்த்து வைங்க, மாப்பிள்ளை."

சொல்லிவிட்டு, கண்ணில் சீட்டுத்தூள் விழுந்ததாகச் சொல்லி முகம் கழுவப் போனார்.

அன்று மிச்ச வேலை ஓடவேண்டியிருந்தது. பாப்பா பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பிரித்தாள். கோட்டு கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நிற்க இனிமேல் காரணம் தேவையில்லை. புறாவின் குஞ்சுகள் பறக்கக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். சீட்டுகள் பறந்தன.

முகம் துடைத்துக்கொண்டு வந்த அண்ணன் பலகையை எட்டிப் பார்த்தார். கிளாவர் மூணுக் குழியில் ஒரு ஜோக்கர் மல்லாந்து கிடந்தது. டைமன் நாலில் இன்னொன்று.

வாயைத் திறந்தார். அண்ணி அங்கிருந்தே முறைத்தாள்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். சத்தமில்லாமல் குனிந்து, இரண்டு ஜோக்கர்களையும் எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, தங்கை பக்கத்திலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.